நாற்பதைத் தாண்டி வேலை மாற நினைக்கிறீர்களா? இராஜினாமாக் கடிதத்தைக் கடைசியில் எழுதுங்கள்

ஒரு லீசிங் கம்பனியில் 16 வருடம் வேலை செய்தேன். அதில் கடைசி 7 வருடம் வசூல் பிரிவு. தவணை தவறியவர்களின் வீடு தேடிப் போவது, பேசிப் பார்ப்பது, சரிவராவிட்டால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வருவது. இப்போது எனக்கு 46 வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், லேண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் பட்ட பாட்டில் பாதியாவது, யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பட்டிருக்கத் தேவையில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு, காலையில் ஹெல்மெட்டை மாட்டும்போது "இன்னும் 15 வருசம் இதைத்தானா?" என்று யோசிக்கிறவர்களுக்கு இது. வெளிநாடு போகிறவர்களின் கதை வேறு. அதை நான் தொடவில்லை.

1. முதலில் ஒரு கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். 30 நாள், இரவு படுக்கப் போகுமுன் மூன்று விடயம் மட்டும் எழுதுங்கள். இன்று எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை? எந்த வேலைக்கு முன் வயிறு பிசைந்தது? யாருடன் விரும்பிப் பேசினேன்? வாழ்க்கையின் அர்த்தம் பற்றியெல்லாம் எழுத வேண்டாம். நானும் முதல் நான்கு நாள் அப்படித்தான் எழுதினேன், திருப்பி வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. செய்த செயலை எழுதுங்கள்: எந்த ஊர், எந்த நேரம், என்ன நடந்தது.

முப்பதாம் நாள் ஒரு சிவப்புப் பேனையை எடுத்துத் திரும்பத் திரும்ப வருவதற்குக் கீழே கோடு போடுங்கள். நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? களுவாஞ்சிகுடியில் மச்சான் வைத்திருப்பதுபோல ஒரு போன் கடை. கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். கொப்பியில் போன் என்ற சொல்லே இல்லை. இருந்தது இதுதான்: வவுணதீவுப் பக்கம் ஒரு வீட்டுக்கு வசூலுக்குப் போயிருக்கிறேன். வீட்டுக்காரர் இல்லை. அக்கா ஒருவர் முற்றத்தில் பம்பின் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போய் நின்றார். காபரேட்டரைக் கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் மணலும் தண்ணீரும், ஜெட் துவாரத்தில் ஒரு தும்பு. அவர் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தார், அதால் குத்தி எடுத்தேன். மூன்றாவது இழுவையில் பம்ப் பிடித்துக்கொண்டது. தவணை வாங்காமல், கையெல்லாம் பெற்றோல் மணக்க வீட்டுக்கு வந்திருக்கிறேன். அன்று இரவு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். மற்ற நாட்களில் மூன்று வரி.

30 நாளில் 11 நாள் ஏதோ ஓர் எஞ்சின் வந்திருந்தது. அது எனக்குத் தெரியாத விடயமில்லை, ஆனால் அதை ஒரு வேலையாக நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சேட்டுப் போட்டுப் பழகியவனுக்கு கிறீஸ் ஒரு தொழிலாகத் தெரியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேலை அலுத்துவிட்டதா, ஆளே அலுத்துவிட்டோமா என்று பாருங்கள். மேலாளர் ஒருவரால் வரும் வெறுப்பு, கடன் கவலை, நித்திரைக் குறைவு, பார்க்காமல் விட்ட சீனி, பிரஷர் எல்லாமே "எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை" என்ற வேஷத்தில்தான் வரும். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி உங்களுக்கு வருடத்தில் 14 நாள் லீவு இருக்கிறது. அதில் 10 நாளைச் சேர்த்து எடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள். பத்தாம் நாளும் அதே வயிற்றுப் பிசைவு இருந்தால் அது வேலைதான்.

"விடு மச்சான், தொடங்கு" என்று சொல்லும் கூட்டாளிமாரிடம் ஆலோசனை கேட்க வேண்டாம். நீங்கள் தோற்றால் யாருடைய சோறு குறையுமோ அவரிடம் கேளுங்கள்.

2. வீட்டுக் கணக்கு, வருடக் கணக்காக

நான் மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கி மனைவியிடம் காட்டினேன். "இஞ்சேருங்க, இதில கோயிலும் இல்ல, கலியாணமும் இல்ல" என்றா. சரிதான். பாடசாலை தொடங்கும்போது கொப்பி, சப்பாத்து, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், வருடத்துக்குக் குறைந்தது ஏழெட்டுக் கலியாண வீடு, மாரியில் ஒழுகும் கூரை. இவற்றைச் சேர்த்தபோது மாதத்துக்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடியது.

அந்தத் தொகையில் 6 மாதத்துக்கானது கையில் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே வருமானம் நெற்போகத்தோடு ஏறி இறங்கும், அதனால் 9 மாதம் வையுங்கள் என்பேன். நகையை அதில் சேர்க்காதீர்கள். அடகு வைத்த நகை ஆபத்துக்கு உதவாது.

3. கையில் என்ன வரும், என்ன வராது

பெரும்பாலானோர் விழும் பள்ளம் இதுதான். நானும் விழுந்தேன்.

ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும் அங்கே சேர்கிறது. வேலையை விட்டதும் அது கைக்கு வந்துவிடும் என்று நம்பித்தான் நான் பட்டறைக்குத் திட்டம் போட்டேன். வராது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது ஆக வேண்டும். 10 வருடச் சேவையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாயும் இருந்தால் 30 வீதத்தை முன்கூட்டி எடுக்கலாம். ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும் மட்டும். தொழில் தொடங்கத் தர மாட்டார்கள். எடுக்காத பணத்துக்கு வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அது போய்விடவில்லை. அதை மறந்துவிட்டு உங்கள் திட்டத்தைப் போடுங்கள்.

ஊழியர் நம்பிக்கை நிதியம், ஈ.டி.எஃப். இது முதலாளி மட்டும் போடும் 3 வீதம். வேலையை விட்டால் இதை எடுக்கலாம். ஆனால் மீண்டும் ஒரு வேலையில் சேர்ந்தால் அடுத்த முறை எடுக்க 5 வருடம் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் பழைய முதலாளி நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஆகவே மனக்கசப்போடு கதவை அடித்துச் சாத்திவிட்டு வராதீர்கள்.

பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். கடைசிச் சம்பளம் 60,000, சேவை 16 வருடம் என்றால் 4 இலட்சத்து 80 ஆயிரம். 30 நாளுக்குள் தர வேண்டும். எனக்கு நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். தொழில் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகுதான் காசோலை வந்தது. முதல் மாதமே போயிருக்க வேண்டும். சண்டை பிடிக்கிறோமே என்ற கூச்சத்தில் மூன்று மாதம் போய்விட்டது.

4 வருடமும் 10 மாதமும் முடித்துவிட்டு வெளியேற நினைக்கிறவர்கள் தயவுசெய்து இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

அரச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. இராஜினாமா வேறு, ஓய்வு வேறு. இராஜினாமா செய்தால் ஓய்வூதிய உரிமை போய்விடும். உங்கள் நிர்வாகப் பிரிவில் சம்பளமற்ற லீவுக்கோ முன்கூட்டிய ஓய்வுக்கோ வழி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்காமல் எதையும் கையொப்பமிடாதீர்கள்.

4. தாள்கள்: வேலையில் இருக்கும்போதே

லீவு கேட்கவும் போட்டோப் பிரதி எடுக்கவும் வேலையில் இருக்கும்போதுதான் வசதி. ஒரு பைலில் இவற்றைச் சேருங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நியமனக் கடிதமும் பதவியுயர்வுக் கடிதங்களும், கடைசி 12 மாதச் சம்பளச் சிட்டை, ஈ.பி.எஃப். மீதிக் கூற்று, சாதாரண தரப் பெறுபேறு, செய்த பயிற்சிகளின் சான்றிதழ்கள்.

எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பெயரைப் பாருங்கள். நம் ஆட்களுக்கு இது பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக, அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், ஈ.பி.எஃப்.இல் ஆங்கில எழுத்து ஒன்று கூட. எனக்கு ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் அதைச் சரிசெய்ய 7 கிழமை போனது. சில இடங்களில் சமாதான நீதவானிடம் எடுத்த சத்தியக்கடதாசி போதும், சில இடங்களில் கம்பனியே திருத்தக் கடிதம் கொடுக்க வேண்டும். எது வேண்டும் என்று அந்த அந்தக் கந்தோரில் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரே சத்தியக்கடதாசியோடு எல்லா இடமும் அலைந்தால் நாள்தான் போகும். பழைய 9 இலக்க அடையாள அட்டை எண்ணில் சேமலாப நிதியும், புதிய 12 இலக்க எண்ணில் வங்கிக் கணக்கும் இருந்தால் அதையும் இப்போதே பொருத்திவிடுங்கள்.

இடப்பெயர்விலும் சுனாமியிலும் சான்றிதழ் தொலைந்தவர்கள் நம் மாவட்டங்களில் நிறையப் பேர். பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி கிடைக்கும். பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி உண்டு, அதற்கு நாள் எடுக்கும். கிராம சேவகர் சான்றிதழை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். தேவைப்படும்போது திகதி பழையது என்று திருப்பி அனுப்புவார்கள்.

5. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை

கொப்பி சொன்னது உண்மையா என்று பார்க்கும் இடம் இதுதான். கொக்கட்டிச்சோலையில் ஒரு கராஜில் போய், சம்பளம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட நிற்கிறேன் என்றேன். மண்முனைப் பாலத்தால் போனால் வீட்டிலிருந்து 25 நிமிடம். எனக்கு வாத்தியார் 22 வயதுப் பையன். "அண்ணன், ஸ்பனர அப்பிடிப் புடிக்கப்படா" என்று எல்லார் முன்னாலும் சொல்வான். முதல் ஞாயிறு காது சுட்டது. நான்காம் ஞாயிறு சுடவில்லை. அந்தச் சூடு ஆறாவிட்டால் வேறு வேலை பாருங்கள், ஏனென்றால் நாற்பதில் எதைத் தொடங்கினாலும் உங்களைவிட இளையவர் ஒருவர்தான் சொல்லித் தருவார்.

ஒத்திகையில் இரண்டு கணக்கு எழுதுங்கள்: எத்தனை மணித்தியாலம், அதற்கு எவ்வளவு காசு வந்திருக்கும். தையல், கேக், பிள்ளைகளுக்கு வகுப்பு, மரவேலை எதுவானாலும் இதே கணக்குத்தான். சொந்தக்காரருக்குச் செய்து கொடுத்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தெரியாத ஒருவர் காசு கொடுத்து இரண்டாம் முறையும் வந்தாரா? அதை மட்டும் எண்ணுங்கள்.

ஆறு மாதம் என்பதற்குக் காரணம் போகம். பெரும்போக உழவுக்கு முன், புரட்டாதி ஐப்பசியில், கராஜில் நிற்க இடமிருக்காது. மார்கழியில் வயலும் வீதியும் தண்ணீர், ஒருவரும் வரமாட்டார். மாசி பங்குனியில் அறுவடை, மறுபடி கூட்டம். சிறுபோகத்தில் உன்னிச்சை, நவகிரிப் பக்கம் பம்ப் வேலை. ஒரு நல்ல மாதத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் மார்கழியில் தெரியும்.

இன்னொன்று, பழைய வேலையின் பெயர் கூடவே வரும். ஒரு வீட்டுக்குத் திருத்தப் போனேன். நான்கு வருடத்துக்கு முன் அவருடைய லேண்ட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தவன் நான்தான். வாசலில் நின்று, "என்ன மனே, கொண்டு போறதுக்கா வந்த, செஞ்சு தாறதுக்கா?" என்றார். நான் பதில் சொல்லாமல் ஸ்பனர் பெட்டியைத் திறந்தேன். கூலி வாங்கவில்லை, சாமான் காசு மட்டும் வாங்கினேன். அவர்தான் பிறகு அந்த ஊரில் எனக்கு ஆறு வீடு பிடித்துத் தந்தார். ஆசிரியர், வங்கி ஊழியர், பொலிஸ் என்று ஊருக்குத் தெரிந்த வேலையில் இருந்தவர்கள் இதற்கு மனதளவில் தயாராகுங்கள்.

6. கைத்தொழில் தெரியும், தாள் இல்லையா?

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை இருக்கிறது. வேலை தெரிந்தவர் நேராக மதிப்பீட்டுக்குப் போகலாம். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் எடுங்கள். கட்டணம் தொழிலுக்குத் தொழில் மாறும், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வேலைக்கான ஆதாரக் கோவை பார்ப்பார்கள். அதன் பிறகு மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும், கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். கோவையில்தான் பலர் தவறுகிறார்கள். கையில் 20 வருட வேலை இருக்கும், ஒரு படம் இருக்காது. ஒத்திகையின் முதல் ஞாயிறிலிருந்தே போனில் படம் எடுங்கள்: கழற்ற முன், கழற்றிய பின், பூட்டிய பின். உதிரிப்பாகக் கடைப் பில், கராஜ்காரரின் கடிதம், வாடிக்கையாளர் இருவர் மூவரின் கடிதம் சேருங்கள். ஒரு தொழிலுக்குப் போதிய ஆட்கள் சேர்ந்தால்தான் மதிப்பீட்டுத் திகதி கிடைக்கும் என்பதால் பொறுமை வேண்டும். எனக்கு விண்ணப்பத்திலிருந்து சான்றிதழ் வரை 5 மாதம்.

இது அவசியமா? ஊருக்குள் ஒருவரும் கேட்க மாட்டார். வங்கி கேட்கும், அரச திணைக்கள வேலை எடுக்கப் போனால் கேட்பார்கள். எடுத்து வையுங்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில் உயர் வயதெல்லை இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களின் இலவசப் பாடநெறிகள் பெரும்பாலும் இளைஞர்களுக்கானவை, விண்ணப்பம் நிரப்புமுன் வயதைக் கேளுங்கள். வர்த்தமானியில் வரும் அரச வேலைகளுக்கும் அதே மாதிரித்தான். பலவற்றில் 35 அல்லது 45 என்று இருக்கும்.

7. கடன்: இதை என் பழைய தொழில் சொல்கிறது

3 இலட்சம் கடன், "18 வீதம்தான்", 2 வருடம் என்பார்கள். நிலையான வட்டி என்றால் கணக்கு இப்படி: வட்டி 1,08,000, மொத்தம் 4,08,000, மாதம் 17,000. நீங்கள் மாதாமாதம் முதலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 3 இலட்சத்துக்கும்தான். குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 31 வீதத்தைத் தாண்டும். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லாமல் கையொப்பம் வாங்கியிருக்கிறேன். ஆகவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குறைந்துசெல்லும் மீதிக்கு எத்தனை வீதம்?" பதில் சொல்லத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.

கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு வந்து வாங்கும் நுண்கடனில் தொழில் தொடங்கவே வேண்டாம். புதுத் தொழிலுக்குக் கிழமை வருமானம் கிடையாது. நான் 85,000 ரூபாய்க்குப் பாவித்த கருவிகள் வாங்கித் தொடங்கினேன், எல்லாம் சேமிப்பிலிருந்து. பெரிய ஜாக் தேவைப்படும் வேலையை இன்றும் அந்தக் கொக்கட்டிச்சோலைக் கராஜில் வைத்துத்தான் செய்கிறேன்.

8. பதிவு

தனிநபர் வியாபாரப் பதிவு உங்கள் பிரதேச செயலகத்தில். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ், இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க இது வேண்டும். அப்புறம் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் வியாபார உத்தரவுப்பத்திரம். இது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. நவம்பரில் எடுத்தால் ஒன்றரை மாதத்தில் மறுபடி கட்ட வேண்டும். சாப்பாட்டுத் தொழில் என்றால் பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து பார்ப்பார். கராஜ், அரைக்கும் ஆலை மாதிரியானவற்றுக்குச் சுற்றாடல் உத்தரவுப்பத்திரம் தேவையா என்று வாடகை ஒப்பந்தம் எழுதுமுன் கேளுங்கள், எழுதிய பின் அல்ல.

வரி இலக்கமும் எடுத்துவிடுங்கள், அதற்குக் காசில்லை. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் வரை தனிநபர் வருமானத்துக்கு விலக்கு இருப்பதால், பதிவு செய்ததற்காக உடனே வரி வந்துவிடாது. ஈ.பி.எஃப். இனிச் சேராது என்பதால், சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தையும் பிரதேச செயலகத்துக்குப் போன கையோடு விசாரியுங்கள்.

9. இப்போது கடிதம்

நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று பாருங்கள். கம்பனிக்கு நீங்கள் கட்ட வேண்டிய ஊழியர் கடன், மோட்டார் சைக்கிள் கடன் இருந்தால் மீதியை எழுத்தில் கேளுங்கள். போனஸ் மாதம் எது என்று பாருங்கள். தொழிலின் நல்ல மாதத்துக்கு ஒரு மாதம் முன் விடுதலையாகும்படி திகதி போடுங்கள். நான் கார்த்திகையில் விட்டேன். முதல் மாத வருமானம் 6,500 ரூபாய், அதுவும் கிணற்றுப் பம்ப் இரண்டால் வந்தது.

கடிதத்தில் காரணம் எழுத வேண்டாம். "சொந்தக் காரணங்களுக்காக" போதும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்ட திகதி, கையொப்பம், முத்திரை வாங்குங்கள். சேவைச் சான்றிதழ், கடன் இல்லை என்ற கடிதம், ஈ.டி.எஃப். விண்ணப்பத்தின் முதலாளி பகுதி மூன்றையும் கடைசி நாளுக்கு முன் வாங்கிவிடுங்கள். போன், சிம், அடையாள அட்டை, வசூல் புத்தகம் திருப்பிக் கொடுத்ததற்கும் ஒரு பட்டியல் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நான் அதை வாங்கவில்லை. ஒரு வசூல் புத்தகம் குறைகிறது என்று மூன்று கிழமை பணிக்கொடைப் பைலை நகர்த்தாமல் வைத்திருந்தார்கள். கடைசியில் அது அவர்களுடைய அலுமாரிக்குள்ளேயே இருந்தது.